ஊர் நாய்க்கு ஊர் செலவில் ஊசி

விடிகாலையில் ஃபைபர் படகுகள் கரையேறியதும் லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் இரண்டு கூட்டம் சேரும். ஒன்று, மீன் எடுக்க வந்த வியாபாரிகளும் கூடைக்காரப் பெண்களும். மற்றது நாய்கள். வலையை உதறும்போது விழும் கழிவு மீனுக்காகக் காத்து நிற்கும் அந்த நாய்களைக் காட்டி, "இது யார் வீட்டு நாய்?" என்று கேட்டால், "யாரு வீட்டுதுன்னு சொல்றது, நம்ம குப்பத்து நாய்தாங்க" என்றுதான் பதில் வரும். ராத்திரி ஒரு வீட்டுத் திண்ணையில் படுக்கும், பகலில் வேறொரு வீட்டில் கஞ்சி குடிக்கும், நடுவில் குப்பத்துப் பிள்ளைகள் எல்லாரோடும் விளையாடும்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே வரிசையாக அமைந்த மீனவக் குப்பங்கள் பலவற்றிலும் இதே நிலைதான். நகரத்துக்காரர்களுக்கான தடுப்பூசி அறிவுரை "உங்கள் நாயை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்" என்று தொடங்கும். குப்பத்தில் அந்த 'உங்கள்' யாரைக் குறிக்கும் என்பதே கேள்வி. எல்லாருக்கும் சொந்தமான நாய்க்கு ஊசி போட யாரும் கிளம்புவதில்லை. அதனால் இந்த வழிகாட்டி வீட்டுக் கணக்கில் இல்லாமல் குப்பத்துக் கணக்கில் செல்கிறது. வீட்டோடு குட்டி வளர்ப்பவர்களுக்கு வேண்டியதும் இதற்குள்ளேயே உண்டு.

ஊசி எதற்கு?

முதல் காரணம் வெறிநோய், அதாவது ரேபிஸ். நோய்க்குறி தெரிந்த பிறகு மனிதரைக் காப்பாற்ற மருந்து கிடையாது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய் வழியாக வருவது. தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின, 43 பேர் வெறிநோயில் இறந்தார்கள். வெறிநாய் என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாயோடு கூடவே மணலில் புரளும் பிள்ளைகள் உள்ள ஊருக்கு இந்த எண்ணிக்கை வெறும் புள்ளிவிவரமாக இருக்க முடியாது.

இரண்டாவது காரணம், குட்டிகளைக் கூண்டோடு வாரிக்கொண்டு போகும் நோய்கள். பார்வோ வந்தால் ரத்தப் பேதியும் வாந்தியுமாகக் குட்டி சில நாளில் சுருண்டுவிடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஓர் ஈற்றுக் குட்டிகள் செத்த இடத்தில் அடுத்த ஈற்றும் சாவது அதனால்தான். டிஸ்டெம்பர் காய்ச்சலும் சளியுமாகத் தொடங்கி நரம்பு இழுப்பில் முடியும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது அவற்றிடம் கண்டறியப்பட்டவற்றில் இந்த டிஸ்டெம்பர் கிருமியும் ஒன்று. நரிகள் திரியும் ஏரிக்கரை ஊருக்கு அது ஓர் எச்சரிக்கை.

மூன்றாவது எலிக்காய்ச்சல். வலையும் கயிறும் குவித்து வைக்கும் கொட்டகையில் எலி இல்லாமல் இருக்காது. எலியின் சிறுநீர் மழைத் தண்ணீரில் கலக்க, அதில் நடக்கும் நாய்க்கும் வரும், வெறுங்காலோடு நடக்கும் மனிதருக்கும் வரும்.

படி 1: தலையை எண்ணுங்கள்

குப்பத்தில் எத்தனை நாய் என்று தெரியாமல் எத்தனை ஊசி என்று கேட்க முடியாது. விடிகாலையில், படகு வரும் நேரத்தில், இரண்டு பேர் கரையோரமாகவும் இரண்டு பேர் தெருவழியாகவும் நடந்து எண்ணினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நோட்டில் நான்கு வரிசை போதும்: ஆண், பெண், குட்டி, கையில் பிடிபடாதது. தெருவுக்கு நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டால் எந்த நாய் எந்தத் திண்ணையில் படுக்கிறது, எதற்கு என்ன பேர் என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

இந்த எண்ணிக்கையில் பத்துக்கு ஏழு நாய்க்கு ஒவ்வோர் ஆண்டும் ஊசி போட்டால் வெறிநோய் அந்த ஊரில் பரவ வழியில்லாமல் நின்றுபோகும். உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு இது. 60 நாய் உள்ள குப்பம் என்று வைத்துக்கொண்டால் 42 ஊசி. மீதி 18 நாய் பிடிபடவில்லை என்றாலும் அவற்றுக்கு நோய் கொடுக்க ஆளில்லாமல் போகும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. கோவாவில் வலையால் நாய்களைப் பிடித்து, தெருத்தெருவாக ஊசி போட்டு 70 விழுக்காட்டை எட்டினார்கள். நாய்களிடையே வெறிநோய் 92 விழுக்காடு குறைந்ததாக 2022-இல் ஆய்விதழில் வெளியானது. இலங்கையில் 1973-இல் 377 பேர் வெறிநோயில் இறந்தார்கள். அரசே இலவசமாக நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கி, விடாமல் தொடர்ந்ததில், 2010-களின் பிற்பகுதியில் அது ஆண்டுக்கு 20 முதல் 30 வரை என்ற அளவுக்கு இறங்கியது.

நாய்களை அடித்துக் கொன்றால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். செத்த நாயின் இடத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஊசி போடாத நாய் வரும். நாயைக் கொல்வது சட்டப்படி குற்றமும்கூட. 2023-இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெரு நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு. எண்ணிக்கை நோட்டோடு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால் பேச்சுக்குப் பலம் கூடும்.

படி 2: எந்த ஊசி, எந்த வயதில்?

மருத்துவர்கள் 'ஏ.ஆர்.வி.' என்று சொல்வது வெறிநோய் ஊசி. மூன்று மாதம் முடிந்த குட்டிக்கு முதல் ஊசி. ஒரு மாதம் கழித்து இன்னொன்று போடுவது இங்குள்ள வழக்கம். பிறகு ஆண்டுக்கு ஒன்று. கூட்டாகப் போடும் முகாமுக்குக் கைக்குட்டியைத் தூக்கி வந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அதற்கும் போடலாம், வயது வந்ததும் மறுபடி போட்டால் போதும். பெரிய நாயோ சின்னக் குட்டியோ, அளவு ஒன்றே.

பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்குச் சேர்த்துப் போடுவது கலவை ஊசி. கடையில் 'செவன் இன் ஒன்', 'நைன் இன் ஒன்' என்பார்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக, குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும்.

ஒரே மருந்தை ஏன் மூன்று முறை போட வேண்டும் என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். பணம் பிடுங்கும் வேலை என்று நினைப்பவர்களும் உண்டு. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரம் தங்கும். அது இருக்கும்வரை ஊசி மருந்தையும் கிருமி என்று எண்ணி அழித்துவிடும். அந்தச் சக்தி எந்தக் குட்டிக்கு எப்போது வற்றும் என்று வெளியிலிருந்து தெரியாது. ஒன்றுக்கு ஏழாம் வாரத்தில், இன்னொன்றுக்குப் பதினான்காம் வாரத்தில். அதனால்தான் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி போடுகிறார்கள். கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ இருப்பதுதான் முக்கியம்.

கையில் ஒரே ஒரு கலவை ஊசிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதை 16 வாரம் ஆன பிறகு போட வேண்டும். அதுவரை குட்டியை நோயுள்ள நாய்களிடமிருந்து விலக்கி வைப்பது நல்லது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்ற நிலையில் வெறிநோய் ஊசிக்கே முதலிடம். அது நாயோடு சேர்த்து வீட்டையும் காக்கிறது.

பூச்சி மருந்து கொடுத்து ஒரு வாரம் கழித்து ஊசி போடுவது நல்லது. காய்ச்சலோ பேதியோ இருக்கும் குட்டிக்கு அது தேறிய பிறகுதான்.

படி 3: நாளைக் குறியுங்கள்

ஆண்டில் இரண்டு நாள் போதும், இரண்டுமே பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரோடு தொடர்புள்ளவை. 1885 ஜூலை 6-இல் வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவர் முதல் தடுப்பூசியைப் போடச் செய்தார். அந்த நாள் விலங்குவழி நோய்கள் தினம். 1895 செப்டம்பர் 28-இல் அவர் இறந்தார். அந்த நாள் உலக வெறிநோய் தினம். இவ்விரு நாட்களையொட்டிக் கால்நடை பராமரிப்புத் துறை இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடத்துவது வழக்கம்.

குப்பத்து நாள்காட்டியோடு இவை எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். மார்கழியில் நாய்கள் கூடும் என்பது ஊரறிந்தது. நாயின் சினைக்காலம் 63 நாள். குட்டிகள் மாசியில் விழும். அவற்றுக்கு 16 வாரம் முடிவது ஆனியில். ஜூலை 6 வருவதும் ஆனியில்தான். ஆகவே ஜூலை முகாம் குட்டிகளுக்கானது.

செப்டம்பர் 28 புரட்டாசியில் வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் பாதை சேறாவதற்கு முன்பு அது. அப்போது போட்டால், பெட்டை நாய்க்காக நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்து ஒன்றையொன்று கடித்துக் குதறும் மார்கழிக்குள் எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கும். ஆகவே செப்டம்பர் முகாம் ஊர் நாய் முழுமைக்கும்.

முகாம் பொன்னேரியிலோ வேறெங்கோ நடந்தால் 40 நாயைப் பேருந்தில் ஏற்ற முடியாது. ஒரு மாதம் முன்பே அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஊர் சார்பில் மனு கொடுத்து, மருத்துவரைக் குப்பத்துக்கே அழைப்பதுதான் வழி. மனுவில் நாய்களின் எண்ணிக்கையை எழுத வேண்டும். மருந்தை எடுத்துவர அவர்களுக்கு அந்த எண்தான் தேவை. நோயுற்ற விலங்குகளுக்கான நடமாடும் கால்நடை ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

படி 4: செலவைப் பங்கிடுங்கள்

தனியார் கிளினிக்கில் வெறிநோய் ஊசி சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். கலவை ஊசி அதைவிடக் கூடுதல், ஒன்று ஆயிரத்தை ஒட்டியும் வரும். மருந்து நிறுவனத்துக்கும் ஊருக்கும் ஏற்ப விலை மாறுவதால் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று கலவை ஊசியும் இரண்டு வெறிநோய் ஊசியும் போட்டு ஒரு குட்டியை முதல் ஆண்டு கடத்த, மூன்று நான்காயிரம் ரூபாய் ஆகலாம். பார்வோ வந்த குட்டிக்கு நாள்தோறும் குளுக்கோஸ் ஏற்றி ஒரு வாரம் போராடினாலும் ஏறக்குறைய அதே பணம் போகும், குட்டி பிழைக்கும் என்ற உறுதியும் இராது.

ஊர் நாய்களுக்கு வெறிநோய் ஊசி மட்டும் என்று முடிவு செய்தால் செலவு வெகுவாக இறங்கும். அரசு முகாம் என்றால் மருந்துக்குப் பணம் இல்லை. சொந்தமாக வாங்க நேர்ந்தாலும் ரக்ஷாராப் போன்ற மருந்துகள் பத்து டோஸ் குப்பியாகவும் கிடைக்கின்றன. ஒற்றைக் குப்பிகளாக வாங்குவதைவிட நாய்க்கு ஆகும் செலவு குறையும். 42 நாய்க்கு ஐந்து குப்பி. திறந்த குப்பியை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்பதால், எல்லா நாய்க்கும் ஒரே நாளில் போடுவதுதான் சிக்கனம்.

பணத்துக்கு ஊரிலேயே வழி இருக்கிறது. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கும் ஊர் இது. நூறு தலைக்கட்டு உள்ள குப்பம் தலைக்கட்டுக்கு 50 ரூபாய் பிரித்தால் 5,000 ரூபாய். மருத்துவரைக் கூட்டிவரும் ஆட்டோ, ஐஸ் பெட்டி, குறியிடும் சாயம், பகல் சாப்பாடு எல்லாம் அதற்குள் முடியும்.

ஊசி போடாததற்கும் ஒரு செலவு உண்டு. கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான். ஆனால் நான்கு ஐந்து தடவை போய்வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் தொழில் போகும். பிள்ளைக்குக் கடி என்றால் கூடவே தாயும் போக வேண்டும், அவளுடைய மீன் வியாபாரமும் போகும்.

படி 5: மருந்தின் குளிர்ச்சியைக் காப்பாற்றுங்கள்

ஐஸைப் பற்றி மீனவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெட்டியில் மீனை அடுக்கி, உடைத்த ஐஸை மீன் மேலேயே கொட்டி மூடுவார்கள். மருந்து விஷயத்தில் அந்தப் பழக்கம்தான் ஆபத்து. வெறிநோய் மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் சூடேறினாலும் கெடும், உறைந்தாலும் கெடும்.

தெர்மோகோல் பெட்டியின் அடியில் ஐஸ் பேக் வைத்து, அதன்மேல் தடித்த அட்டையோ நாலாக மடித்த துணியோ போட்டு, அதற்குமேல் குப்பிகளை நிறுத்த வேண்டும். குப்பியின் உடம்பு ஐஸில் படக்கூடாது. தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுத்து உடனே மூடிவிட வேண்டும். உறைந்து மறுபடி இளகிய மருந்து பார்ப்பதற்கு முன்போலவே இருக்கலாம். ஆனால் அதைப் போட்ட நாய்க்குப் பாதுகாப்பு இருக்காது, ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கை மட்டுமே மிஞ்சும். சந்தேகப்பட்ட குப்பியை ஒதுக்கிவிடுவதே சரி.

படி 6: பிடிப்பதும் போடுவதும்

நாயைப் பிடிக்க வேண்டியவர் அதற்குக் கஞ்சி ஊற்றுபவர். வேறு யார் போனாலும் ஓடும். ஒரு மீன் தலையைக் காட்டிக் கூப்பிட்டு, திண்ணையோரமாக நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, மருத்துவர் பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி அடியில் ஊசி போடுவார். மூச்சு விடும் நேரத்தில் முடியும் வேலை. சீறும் நாய்க்கு மெல்லிய துணிப் பட்டையால் வாயைச் சுற்றி ஒரு முடிச்சு, தாடைக்குக் கீழ் ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு போட்டால் போதும். நைலான் நரம்பு அறுக்கும், அது வேண்டாம்.

கைக்கு வராத நாய்களுக்கு வலைதான். அதற்குப் பழைய தடித்த வலையை மருத்துவக் குழு சொல்கிறபடி பயன்படுத்த வேண்டும். பிள்ளைகள் அந்த நேரத்தில் தள்ளி நிற்க வேண்டும். மருந்துக்கடையில் வாங்கி நாய்க்குத் தாமே குத்தும் பழக்கம் ஆகாது.

ஊசி போட்ட நாயை அரை மணி நேரம் கண்ணில் வைத்திருக்க வேண்டும். முகம் வீங்கினாலோ, வாந்தி எடுத்துத் தள்ளாடினாலோ மருத்துவர் அங்கேயே மருந்து கொடுப்பார். ஒருநாள் சோர்வும், குத்திய இடத்தில் சிறு வீக்கமும் தானாகச் சரியாகிவிடும்.

படி 7: இடையில் யாரையாவது கடித்துவிட்டால்

ஊசி போட்ட நாயாக இருந்தாலும் கடி கடிதான். காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டும் போடக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஆழமான காயம், தலையிலோ முகத்திலோ கையிலோ பட்ட கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் கேட்டுப் பெற வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்றும் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயப்படுவார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. இந்தியாவில் 2004 இறுதியோடு அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. இப்போது கையில் நான்கைந்து தவணைதான்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் 10 நாள் கவனிக்க வேண்டும். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். நாயின் குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது, காரணமில்லாமல் எதையும் கடிப்பது, இருட்டு மூலையில் ஒடுங்குவது ஆகியவை தெரிந்தால் கிட்டே போகாமல் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

படி 8: குறி வையுங்கள், மறுநாள் மறுபடி எண்ணுங்கள்

ஊசி போட்ட ஒவ்வொரு நாயின் முதுகிலும் மருத்துவக் குழு தரும் சாயத்தால் ஒரு கோடு. கழுத்தில் கயிறு கட்டுவது வேண்டாம்; வளரும் குட்டிக்கு இறுகும். வீட்டோடு இருக்கும் நாய்க்குத் தனி அட்டை: மருந்தின் பெயர், குப்பியில் ஒட்டியிருக்கும் தொகுதி எண், போட்ட தேதி, அடுத்த தேதி, மருத்துவர் கையெழுத்து. ரேஷன் அட்டை வைக்கும் உறையிலேயே இதையும் வைத்தால் தொலையாது. ஊர் நாய்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து நோட்டில் ஒரு பக்கம்.

மறுநாள் விடிகாலையில், முதலில் எண்ணிய அதே நான்கு பேர் படகு வரும் நேரத்துக்குக் கரைக்குப் போக வேண்டும். கழிவு மீனுக்குக் கூடும் நாய்களில் கோடு உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை? பத்துக்கு ஏழில் கோடு இருந்தால் இந்த ஆண்டு வேலை முடிந்தது. குறைந்தால், கோடில்லாத நாய்கள் எந்தத் தெருப் பக்கம் திரும்பிப் போகின்றன என்று பார்த்து நோட்டில் எழுதி, சாயம் அழிவதற்குள் அதே வாரத்தில் மருத்துவரை இன்னொரு முறை அழைக்க வேண்டும்.